தவிலுக்கு முதுகு காட்டிய மைக்

1986ஆம் வருஷம் பங்குனி மாதம், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நான் மறுபடியும் நாகசுரத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வாசிக்கப் போனேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஊர் கடலாடிக்குப் பக்கத்துச் சிக்கல். இடைப்பட்ட காலத்தைக் காசநோய் எடுத்துக்கொண்டது. மதுரை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இடது நுரையீரல் பாதிக்குமேல் வேலை செய்யாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். “இனிமே ஊதவே கூடாதா?” என்று கேட்டேன். பெரிய டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மெதுவா ஊதுங்க. முடியிற வரைக்கும் ஊதுங்க” என்றார்.

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் நாகசுரம் வீதியில் வாசிக்கிற வாத்தியம். பக்கத்தில் தவில் முழங்கும்போது மெதுவாக ஊதினால் ஊதுகிறவனுக்கே கேட்காது. என்னுடைய பழைய சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதுகிற அந்த நாணல் துண்டு, நல்ல கனம். அதை ஊத இப்போது எனக்குத் தெம்பில்லை. மெல்லிய சீவாளியாகச் சொல்லி வாங்கினேன். மூச்சு தாங்கியது, சத்தம் சிறுத்துவிட்டது. போகட்டும், மைக் வைத்தால் சரியாகிவிடும் என்று தைரியமாகக் கிளம்பினேன்.

முதுகுளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாரியம்மனுக்கு எட்டு நாள் திருவிழா. முதல் நாள் சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். தவில் தங்கசாமி. அவர் என் மனைவி இராமலட்சுமிக்கு உடன்பிறந்த அண்ணன். கடலாடியிலிருந்து மைக் செட் வந்திருந்தது. அதை ஓட்டுகிற ராக்கப்பன், எல்லாரும் செய்கிற மாதிரியே, என் நாகசுரத்தின் அகன்ற வாய்க்கு ஒரு சாண் முன்னால் மைக்கை நிறுத்தினான்.

வாசிக்க ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. கீழ்ச் சுரங்கள் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து முரட்டுத்தனமாக அலறின. மேலே போகப்போக ஒன்றுமே இல்லை. நடுவில் இரண்டு சுரங்கள் இருந்த இடமே தெரியவில்லை. நான் பதறிப் போய் மூச்சைக் கூட்டினேன். மூச்சைக் கூட்டியதும் இருமல் வந்தது. கூட்டத்திலிருந்து ஒருத்தர், “வேல்சாமி, மைக்கத் தூரப் போட்டுட்டு ஊதுய்யா!” என்று கத்தினார். ராக்கப்பன் மைக்கை எடுத்தான். அப்புறம் தவில் மட்டும்தான் கேட்டது.

அந்த ஊரில் கோயில் காரியம் பார்க்கிறவர் கூத்தையா. எல்லாம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஒம்மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல, வேல்சாமி. ஒடம்பு நல்லாத் தேறட்டும். எட்டாம் நா பொங்கலுக்குப் பரமக்குடியில இருந்து வேற ஆள வரச் சொல்லிருதோம். அதுவரைக்கும் காலப் பூசைக்கு மட்டும் வந்து ஊதிட்டுப் போ.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, “இதத் தூக்கிப் பரண்ல வையி” என்று நாகசுரத்தை இராமலட்சுமியிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, “காலையில பூசைக்குப் போகணும்னீகள்ல? பரண்ல வச்சா பெறகு யாரு ஏறி எடுக்குறது?” என்று சொல்லி, அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

மறுநாள் பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது வாசலில் ராக்கப்பன் சைக்கிளோடு நின்றான்.

“அண்ணே, அக்கா ஒங்கள ஒரு எட்டு கடைக்கு வரச் சொன்னாக. நாகசுரத்தையும் கொண்டுவரச் சொன்னாக.”

அக்கா என்று அவன் சொன்னது ஹமீதா பானுவை. கடலாடி பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்த சவுண்டு செட் கடை அவருடைய கணவர் நெய்னா முகம்மது தொடங்கியது. அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் சவூதியில் தம்மாமுக்கு எலக்ட்ரீசியன் வேலைக்குப் போய்விட்டார். கடையை விற்றுவிடச் சொல்லி உறவுக்காரர்கள் எல்லாரும் நெருக்கினார்களாம். பானு விற்கவில்லை. செட்டோடு ஊர் ஊராகப் போவது ராக்கப்பன்; கடையில் உட்கார்ந்து பழுது பார்ப்பது பானு. தலையில் முக்காடும் கையில் ஈயம் பற்றவைக்கிற இரும்புமாக அவர் ஆம்ப்ளிபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பதை பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். முப்பது வயதுகூட இருக்காது.

நாங்கள் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனோம். செட்டுக்கு ஏதோ சேதம் ஆகிவிட்டது, அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

“வாங்கண்ணே, வாங்க மதினி, உக்காருங்க” என்றார் பானு. “நேத்து நீங்க வாசிச்சத ராக்கப்பன் டேப்புல பிடிச்சிட்டு வந்திருக்கான். காலையில இருந்து நாலு தடவ கேட்டுட்டேன்.”

“அத அழிச்சிரு தங்கச்சி” என்றேன்.

“ஒரே ஒரு தடவ நீங்களும் கேளுங்க. பெறகு அழிச்சிருவோம்.”

டேப்ரிக்கார்டரைத் தட்டிவிட்டார். என் வாசிப்பு அலறலும் ஓட்டையுமாக வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பானு நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், மறுபடியும் போட்டார்.

“இங்கன பாருங்க, ஒரு சத்தம் காணாமப் போகுது. கொஞ்ச நேரம் கழிச்சு அதே சத்தம் மறுபடியும் காணாமப் போகுது. முன்னாடி அமைதியா ஊதும்போதும் அதுதான் போகுது, கடைசியில இருமிக்கிட்டே ஊதும்போதும் அதேதான் போகுது. அண்ணே, மூச்சுப் பத்தலைனா எல்லாச் சத்தமும்ல கொறையணும்? ஒண்ணு ரெண்ட மட்டும் பாத்தா கொறையும்?”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“ஒங்க மூச்சு போதும்ணே. எங்க மைக்குத்தான் ஒங்களக் கேக்கல” என்றார்.

இராமலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒன்றரை வருஷமாக என் ஒவ்வொரு மூச்சையும் பக்கத்தில் படுத்து எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். டாக்டர், உறவு, ஊர் என்று எல்லாரும் என் மூச்சில் என்ன குறை என்றுதான் பேசினார்கள். போதும் என்று அன்றைக்குத்தான் ஒருத்தர் சொன்னார்.

“ஒனக்கு இது எப்படித் தெரிஞ்சது தங்கச்சி? நாகசுரம் கேட்டுப் பழக்கமா?”

“நாகசுரத்தப் பத்தி எனக்கென்ன தெரியும்? அவுக தம்மாம்ல இருந்து லெட்டருக்குப் பதிலா டேப்புலதான் பேசி அனுப்புறாக. நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாக. ஆனா காய்ச்சல்ல பேசுனாகளா, அழுதுட்டுப் பேசுனாகளானு மூச்ச வச்சுக் கண்டுபிடிச்சிருவேன். மூணு வருசமா அதுதான எனக்கு வேல.”

பிறகு என் நாகசுரத்தை எடுத்துக் காட்டச் சொன்னார். சத்தம் எது வழியாக வெளியே வருகிறது என்று கேட்டார். இதென்ன கேள்வி, அடிவாய் வழியாகத்தான் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். எல்லாத் துளைகளையும் மூடினால் அடியில் வரும். விரலைத் தூக்கினால் அந்தத் துளையிலேயே வந்துவிடும். இருபத்தைந்து வருஷமாக விரல் நுனியில் நான் உணர்ந்துகொண்டிருந்த காரியம். ஒருநாளும் அதை யோசித்ததில்லை.

“அப்ப அடிவாயில மைக்க வச்சா அடிச்சத்தந்தான கேக்கும்?” என்றார் பானு. “ராக்கப்பா, பின்னாடி அறைக்கு மூணு மைக்கையும் எடுத்துட்டு வா. ஒரு குழாய வெளிய தையக்கடைக்கிட்டக் கட்டு.”

கடையின் பின்னறையில் நான் உட்கார்ந்தேன். அவர் தெருவுக்குப் போய்விட்டார். உள்ளே நிற்கிறவர்களுக்கு நாகசுரத்தின் நேர்ச்சத்தமே கேட்டுவிடும், குழாயில் என்ன போகிறது என்று தெரியாது. அதனால் தூரத்திலிருந்துதான் கேட்க வேண்டும் என்றார். ஸ்டாண்டு கோயிலில் கிடந்ததால் இராமலட்சுமி மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருமுனையில் நிற்கிற பானு தெரிவார். அவர் கையை ஆட்டுகிற பக்கமாக அவள் மைக்கை நகர்த்த வேண்டும்.

முதலில் அரசியல் கூட்டங்களுக்கு வைக்கிற கனமான மைக். அதை எங்கே நகர்த்தினாலும் குடத்துக்குள் ஊதுகிற மாதிரிதான் இருந்தது. பானு தலையை ஆட்டிவிட்டார்.

இரண்டாவது, நெய்னா முகம்மது தம்மாமிலிருந்து கொடுத்தனுப்பிய மெல்லிய, நீளமான மைக். வெல்வெட் பெட்டிக்குள் இருந்தது. இராமலட்சுமி அதைத் துளைகளுக்கு நேராக, ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். நான் சகானா ராகத்தில் நாலு வரி ஊதினேன். தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு மாட்டுவண்டி நின்றது. சீவாளி உதட்டில் படுகிற சின்னச் சத்தம்கூட வெளியே கேட்டதாம். பானு உள்ளே ஓடிவந்து, “மாஷா அல்லாஹ்! இதுதாண்ணே, இதுதான்!” என்றார்.

“நீங்க வாசிக்கையில வாத்தியத்த மேலயும் கீழயும் ஆட்டுறீக” என்றாள் இராமலட்சுமி. “நான் பின்னாடியே ஓட வேண்டியிருக்கு. அங்கன மைக்கு ஓடுமா?” அது எனக்கே தெரியாத பழக்கம். ஆட்டாமல் ஊதிப் பார்த்தேன். இன்னும் சரியாக வந்தது. நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் தங்கசாமியும் தவிலோடு வந்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. தவிலில் முதல் அடி விழுந்ததும் அந்த மெல்லிய மைக் அதைத்தான் அள்ளி விழுங்கியது. நாலு பக்கமும் கேட்கிற மைக் அது. அறையில் பறக்கிற ஈயையும் கேட்டது, வெளியே கட்டிய குழாயையும் கேட்டது. குழாய்ச் சத்தத்தைத் தானே மறுபடி வாங்கிக்கொண்டு ஊளையிட்டது. ராக்கப்பன் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தான். குறைத்தால் நான் இல்லை; கூட்டினால் ஊளை.

பானு அதைக் கையில் வாங்கி முந்தானையால் துடைத்தார். கணவர் சம்பாதித்து ஆசையாக அனுப்பியது. பிறகு பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“இது தனியா ஒருத்தர் ஒக்காந்து வாசிக்கிறதுக்கு. நம்ம கோயிலுக்கு ஆகாது. ராக்கப்பா, அந்த நசுங்குனத எடு.”

மூன்றாவது மைக்கின் தலையில் நசுங்கல் இருந்தது. யாரோ மேடையிலிருந்து கீழே போட்டது. விலைபோகாத சாமானோடு கிடந்த அதை ராக்கப்பன் துடைத்துக் கொடுத்தான். சத்தம் இரண்டாவதைப்போல இனிமையாக இல்லை, கொஞ்சம் வறட்சி. ஆனால் அது முன்னால் இருப்பதை மட்டும்தான் கேட்டது. முதுகுப் பக்கம் என்ன நடந்தாலும் அதற்குக் காது மந்தம். பானு எங்கள் இரண்டு பேரையும் இடம் மாற்றி உட்காரவைத்தார். மைக்கின் முகம் என் துளைகளைப் பார்த்தது. முதுகு தங்கசாமியைப் பார்த்தது.

தங்கசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் மாப்ள, முப்பது வருசமா தவில் அடிக்கேன். எனக்கு மைக்கு முதுகக் காட்டுமா? சபையில நாலு பேரு என்ன நெனைப்பான்?”

பானு முந்திக்கொண்டு சொன்னார்: “அண்ணே, ஒங்க தவிலுக்கு மைக்கு எதுக்கு? நீங்க அடிச்சா முதுகுளத்தூர் வரைக்கும் கேக்கும். அது ஒங்களப் பாத்து பயந்துல்ல திரும்பிக்கிட்டு நிக்கிது.”

தங்கசாமி மீசையைத் தடவிவிட்டு, “அது சரிதான்” என்று தவிலை மடியில் இழுத்துக்கொண்டார்.

அரைமணி நேரம் வாசித்தோம். தவில் அதன் பலத்தில் முழங்கியது. நான் என் மூச்சில் ஊதினேன். தெருவில் இரண்டும் சமமாகக் கேட்டன என்று ராக்கப்பன் வந்து சொன்னான். அவன் பின்னாலேயே கூத்தையாவும் உள்ளே வந்தார். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு குழாய் வேண்டும் என்று கேட்க வந்தவர், தையற்கடை வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார்.

“நாந்தான் அவசரப்பட்டுட்டேன் போலருக்கு” என்றார். “ஆனா கடைக்குள்ள வாசிக்கிறது வேற, கூட்டத்துல வாசிக்கிறது வேற. ஆறாம் நா சாயங்காலம் ஒரு மணி நேரம் ஊது வேல்சாமி. ஊரு கேக்கட்டும்.”

ஆறாம் நாள் பானுவும் வந்தார். அதுவரை அவர் செட் போட்ட இடத்துக்கு வந்ததில்லை. பந்தலுக்கு வெளியே, இராமலட்சுமியோடு பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டார். அந்த இடத்தில்தான் குழாய்ச் சத்தமும் கூட்டத்துச் சத்தமும் கலக்கும், அங்கே தெளிவாகக் கேட்டால் எல்லா இடத்திலும் கேட்கும் என்றார். ஏற்ற வேண்டுமானால் வலது கை, குறைக்க வேண்டுமானால் இடது கை என்று ராக்கப்பனோடு பேசிவைத்திருந்தார்.

வெயில் தாழ்ந்திருந்தது. நான் கல்யாணியில் தொடங்கினேன். முதல் இரண்டு நிமிஷம் பயத்தில் பழையபடியே நெஞ்சை முட்டி ஊதினேன். பானுவின் இடது கை இறங்குவது தெரிந்தது. சத்தம் ஜாஸ்தி என்று அர்த்தம். எனக்கு அதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. என் சத்தம் ஜாஸ்தியா? மூச்சைத் தளர்த்தினேன். குழாயில் சுரம் ஒன்றும் குறையவில்லை. இன்னும் தளர்த்தினேன். தங்கசாமி என்னைப் பார்த்துவிட்டு, விரல்களால் மட்டும் தவிலைத் தொட ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நோய் வருவதற்கு முன்னால் வாசித்த இத்தனை வருஷத்தில் வீதியில் நான் ஒருநாளும் மெதுவாக வாசித்ததில்லை. வாசிக்க முடிந்ததும் இல்லை. மெதுவாக வாசிப்பதெல்லாம் வீட்டுக்குள், சாதகம் பண்ணும்போது மட்டும். இப்போது ஆயிரம் பேர் நடுவில் அதைச் செய்யலாம். நீலாம்பரிக்குப் போனேன். குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற அளவுக்குத்தான் மூச்சு. வேப்பமரத்துக் குழாயில் அது அப்படியே இறங்கியது. முளைப்பாரியோடு உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு இடத்தில் தங்கசாமி கையை எடுத்துவிட்டார். தவில் இல்லாமல் நான் மட்டும் வாசித்தேன். முதல் நாள் மைக்கைத் தூரப் போடச் சொன்ன மனிதர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் கண்ணை மூடி நின்றார்.

ஒரு மணி நேரம் ஆனது யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இருமல் வரவில்லை.

கூத்தையா மாலையைக் கொண்டுவந்து போட்டார். “எட்டாம் நாளும் நீதான்யா. பரமக்குடிக்காரவுகளுக்கும் சொல்லியாச்சு, அவுக வரட்டும். ரெண்டு பேரும் சேந்து வாசிங்க” என்றார். அப்படியே வாசித்தோம். பரமக்குடிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மைக் நிற்கிற இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது, “அது எந்தக் கடை மைக்கு?” என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். அந்த வருஷம் வைகாசிக்குள் பானுவின் கடைக்குப் பரமக்குடியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

பொங்கல் முடிந்த மறுநாள் நானும் இராமலட்சுமியும் உறையில் போட்ட நாகசுரமும் ஒரு மூட்டை முதுகுளத்தூர் மிளகாய் வத்தலுமாகக் கடலாடிக்குப் போனோம். வத்தலைத் தவிர வேறென்ன கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைக்குப் பின்னாலேயே பானுவின் வீடு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். “தங்கச்சி, நீ செஞ்சதுக்கு...” என்று தொடங்கினேன்.

“நான் என்னண்ணே செஞ்சேன்? மைக்கத் திருப்பி வச்சேன். மூச்சு அல்லாஹ் குடுத்தது” என்றார் பானு. “மொதல்ல சாப்பிடுங்க.”

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நோய் வந்ததிலிருந்து எனக்கு எல்லா இடத்திலும் தனித் தட்டு, தனித் தம்ளர். குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும், உறவுக்காரர் வீடுகளில் என் தம்ளர் ஜன்னல் விளிம்பில்தான் இருக்கும். டீக்கடையில் எனக்கு மட்டும் கொட்டாங்கச்சியில் ஊற்றிய ஆளும் உண்டு. நான் யாரையும் குறை சொல்லவில்லை, பயம் பொல்லாதது. அன்றைக்கு பானு ஒரு பெரிய சஹனில் சோற்றையும் மீன் குழம்பையும் கொண்டுவந்து பாயில் வைத்தார். அவர்கள் வீட்டு வழக்கப்படி நாலு பேர் ஒன்றாகச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டு அது. இராமலட்சுமியை ஒரு பக்கம் உட்காரவைத்தார். ராக்கப்பனைக் கூப்பிட்டார். தானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

நான் கையை நீட்டாமல் இருந்தேன். “தங்கச்சி, எனக்கு வந்திருந்த சீக்கு ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்ணே. ராக்கப்பன் சொன்னான். ஆறிரும், சாப்பிடுங்க” என்று மீன் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் வாசித்தேன். உத்தரகோசமங்கையில் வாசித்தேன், தேவிபட்டினத்தில் வாசித்தேன், இராமேஸ்வரத்தில் ஒரு கல்யாணத்தில் கடற்காற்று மைக்குக்குள் புகுந்து உறும, பானு சொல்லிக் கொடுத்தபடி அதன் தலையில் ஒரு துண்டு கடற்பஞ்சைக் கட்டிவைத்து வாசித்தேன். நெய்னா முகம்மது ஊர் திரும்பிக் கடையைப் பெரிதாக்கினார். 2004இல் டாக்டர் போதும் என்றார், நிறுத்திக்கொண்டேன். வருத்தமில்லை. ஒரு வருஷம் ஊதினாலே பெரிது என்று நினைத்தவனுக்குப் பதினெட்டு வருஷம் கிடைத்தது.

பானு வீட்டில் அந்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அன்று மத்தியானம் நாங்கள் கிளம்பும்போது கடலாடி பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். இராமலட்சுமி நாகசுரத்தைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். என்னிடம் கொடுக்க மாட்டேன் என்றாள். பஸ் வர நேரமானது. “ஒரு டீ குடிப்பமா?” என்றேன். “எதுக்கு? இப்பத்தான வயிறு நெறையச் சாப்பிட்டோம்” என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிவாக இருந்தது. இருவரும் புளியமரத்து நிழலில் பஸ்ஸுக்கு நின்றோம்.